ஐந்தாவது கதவு: மதுரையில் ஆக்டேவியா மாதிரி ஒரு பெரிய ஹேட்ச்பேக்கைத் தினமும் ஓட்டுவது

ஸ்கோடா ஆக்டேவியாவைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதை டிக்கி வைத்த செடான் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் போய்த் தூக்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். டிக்கி மூடியோடு பின் கண்ணாடியும் சேர்ந்து மேலே எழும்பும். கீல் இருப்பது கூரை முடிகிற இடத்தில். ஒரு ஆள் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம், அவ்வளவு பெரிய வாய். இனத்தால் இது ஹேட்ச்பேக், தோற்றத்தால் செடான். நம் ஊரில் அலுவலகம், கல்யாணம், மார்க்கெட், கொடைக்கானல் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்று வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு கொடுக்கிற வசதி வேறு எதிலும் வராது. அதே அமைப்புதான் சில தலைவலிகளையும் கூடவே கொண்டுவரும். இரண்டையும் அளவோடு சொல்லலாம்.

முதலில் எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடலாம். 2001-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஆக்டேவியா, அதற்குப் பின் லாரா என்ற பெயரில் விற்ற இரண்டாம் தலைமுறை, 2013-ல் மறுபடி ஆக்டேவியா என்றே வந்த மூன்றாவது, 2021-ல் வந்த நான்காவது. எல்லாமே ஐந்து கதவு வண்டிகள். அதே ஸ்கோடாவின் பெரிய காரான சூப்பர்ப்பில் இரண்டாம் தலைமுறையில் டிக்கி மூடியை மட்டும் தனியாகவும் திறக்கலாம், கண்ணாடியோடு சேர்த்தும் திறக்கலாம். சாதாரண ஆக்டேவியாவின் தயாரிப்பு இங்கே 2023-ல் நின்றுவிட்டதால், இன்றைக்கு இதை வாங்குகிறவர் பெரும்பாலும் பழைய வண்டியைத்தான் வாங்குகிறார். கீழே வரும் அளவுகள் அதிகம் கைமாறுகிற மூன்றாம் தலைமுறைக்கு உரியவை.

டிக்கி: 590 லிட்டர் என்றால் என்ன

பின் சீட்டை மடக்காமல் 590 லிட்டர், மடக்கினால் 1,580 லிட்டர். லிட்டரில் சொன்னால் நமக்கு ஒன்றும் விளங்காது. 26 கிலோ அரிசி மூட்டையில் சொன்னால் விளங்கும். (25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. போட்டதும், கடைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள்.) ஐந்து மூட்டையைப் படுக்கையாக அடுக்கிவிட்டு மேலே காய்கறிப் பையும் வைக்கலாம். சீட்டை மடக்கினால் முழு வாழைத்தார் நெடுக்காகப் படுத்துக்கொள்ளும். சீர்வரிசைத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் பரப்பி வைக்கலாம். கண்ணாடியும் சேர்ந்து திறப்பதால் உயரமான சாமானை உள்ளே விடுவதற்கு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. செடானில் டிக்கி இவ்வளவே இருந்தாலும் வாய் சின்னது. குத்துவிளக்கு அட்டைப்பெட்டி அங்கேதான் சிக்கிக்கொள்ளும்.

எடையில்தான் கவனம் வேண்டும். பின் சீட்டின் முதுகு, சாமான் மோதினால் தாங்குகிறதா என்று பார்க்கிற ஐக்கிய நாடுகள் விதியின் சோதனையில், தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை டிக்கியில் வைத்து மணிக்கு 50 கி.மீ. வேக மோதலுக்கு இணையான அதிர்வு கொடுக்கிறார்கள். ஐந்து அரிசி மூட்டை 130 கிலோ. அதாவது சோதனையில் வைத்ததைப் போல மூன்றரை மடங்கு. இந்த வண்டியில் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே இரும்புச் சுவர் கிடையாது, சீட்டின் முதுகுதான் சுவர். அதனால் மூட்டைகளை ஒரே அடுக்காக, சீட்டு முதுகை ஒட்டியே படுக்க வையுங்கள். இடைவெளி விட்டால் மூட்டை ஓடி வந்து இடிக்கும், ஒட்டி இருந்தால் அழுத்தும், அவ்வளவே. தரையில் உள்ள நான்கு வளையங்களில் ராட்செட் பட்டையைக் குறுக்காகப் போட்டு இறுக்குங்கள். சீட்டு முதுகை நிமிர்த்திய பிறகு மேலே உள்ள பூட்டில் சிவப்பு அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட்டு விழவில்லை. சீட் பெல்ட் பட்டை இடையில் சிக்கினாலே அது விழாது.

வாழைத்தார் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: தார்ப்பாய் விரிக்காமல் ஏற்றாதீர்கள். காம்பு வெட்டிய இடத்தில் வடிகிற பால் காய்ந்தால் கறுத்துவிடும், டிக்கி விரிப்பில் அந்தக் கறை கடைசி வரை போகாது. மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கினால் வீடு வரும் வரை வண்டி மணக்கும். கருவாடு வாங்கினால் அடுத்த வாரம் வரை மணக்கும். சுவர் இல்லாத டிக்கியின் குணம் அது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று நிரந்தரமாக உள்ளேயே கிடக்கட்டும்.

பார்சல் ட்ரே வெறும் அலங்காரம் இல்லை

டிக்கியை மூடுகிற அந்தப் பலகையைப் பலர் கழற்றி மாடியில் போட்டுவிடுகிறார்கள், சாமான் ஏற்ற இடைஞ்சல் என்று. சித்திரையில்தான் அதன் அருமை தெரியும். ட்ரே இல்லாவிட்டால் ஏசி, ஆட்கள் இருக்கிற இடத்தோடு டிக்கியையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டும். போதாததற்குப் படுத்த வாக்கில் இருக்கிற பெரிய பின் கண்ணாடி வழியாக வெயில் நேராக டிக்கித் தரையில் இறங்கி, அந்தச் சூடும் முன்னால் வரும். பின் சீட்டில் இருப்பவர் “ஏசி பத்தலை” என்று சொல்வதற்குப் பாதி நேரம் காரணம் கேஸ் குறைந்தது அல்ல, ட்ரே இல்லாததே. கேஸ் ரீஃபில் பண்ணுவதற்கு முன் அதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள்.

வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது இந்தக் கதவு ஒரு உதவியும் செய்யும். நாலு கதவைத் திறந்து விசிறிக்கொண்டு நிற்க வேண்டாம். ஐந்தாவது கதவை முழுக்கத் தூக்கிவிட்டு முன் கதவுக் கண்ணாடி இரண்டையும் இறக்குங்கள். கூரைக்கடியில் தேங்கிய சூடான காற்று மேலே உள்ள பெரிய வாய் வழியாக ஒரு நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். அப்புறம் ஏசியைப் போட்டு முதல் இரண்டு நிமிடம் வெளிக்காற்றில் ஓட்டி, பிறகு உள்சுழற்சிக்கு மாற்றுங்கள்.

பின் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்பார்கள். விதிப்படி முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதையும் மறக்க வேண்டாம். சோதனையில் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்பதைவிட, கழற்றி மாட்டுகிற வலைத்திரை மேல்.

அந்தக் கதவில் என்னென்ன கெடும்

மூன்று இடம். மூன்றும் சின்னச் செலவுதான், ஆனால் தெரியாமல் விட்டால் பெரிய செலவாகும்.

ஒன்று, கதவைத் தாங்குகிற இரண்டு கேஸ் ஸ்ட்ரட். கண்ணாடியோடு சேர்ந்த கதவு கனமானது. வருடங்கள் போகப் போக உள்ளே உள்ள அழுத்தம் கசியும். முதல் அறிகுறி காலையில் தெரியும்: குளிர்ந்த வேளையில் கதவு பாதியில் நிற்கும், மதியம் ஒழுங்காக மேலே போகும். சூட்டில் கேஸ் விரிவதால் வருகிற ஏமாற்று அது. அந்தக் கட்டத்திலேயே மாற்றிவிட வேண்டும், இரண்டையும் ஒன்றாக. ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு முறுக்கிக்கொண்டு மூடும். மாற்றும்போது ஒருவர் கதவைப் பிடித்தே நிற்க வேண்டும், அல்லது ஒரு தடிக்கம்பை முட்டுக் கொடுக்க வேண்டும். முனையில் உள்ள வளைந்த கம்பி கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் சற்றே நெம்பினால் போதும், முழுக்க எடுத்தால் துள்ளித் தொலைந்துவிடும். பிறகு உருண்டையிலிருந்து இழுத்தால் வந்துவிடும். பழையது எந்தப் பக்கம் தடிப்பாக இருந்ததோ, புதியதும் அதே பக்கம். பழைய ஸ்ட்ரட்டை நெருப்பில் போடக் கூடாது, துளை போடவும் கூடாது.

இரண்டு, கூரைக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகிற வயர் கட்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இது மடிந்து நிமிர்கிறது. தினம் நாலு தடவை திறந்தால் வருடத்துக்கு ஆயிரத்து நானூறுக்கும் மேல். காப்பு விரிசல் விட்டுச் செம்பு தெரிய ஆரம்பிக்கும். அறிகுறிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். நம்பர் பிளேட் விளக்கு எரியாது, டிக்கி தானாகத் திறக்கும் அல்லது திறக்கவே செய்யாது, பின் கண்ணாடியின் பனி நீக்கும் கம்பி சூடேறாது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்துவிட்டு மாட்யூலை (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை) மாற்றச் சொன்னால், அதற்கு முன் அந்த ரப்பரை ஒரு ஓரத்தில் இழுத்து உள்ளே பாருங்கள். ஒட்டுப் போடுவதானால் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற பி.வி.சி. வயர் கூடாது, அது கொஞ்ச நாளில் மறுபடி விறைத்து வெடிக்கும். சிலிகான் உறை போட்ட மெல்லிய வயர் கேளுங்கள். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வந்தால் கட்டு தடித்து ரப்பருக்குள் போகாது. ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும்.

மூன்று, கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர்ப் பட்டை, அதாவது பீடிங். சோதிக்க ஒரு காகிதம் போதும். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடுங்கள். இழுத்தால் தடையோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் படியவில்லை. சுற்றி எட்டுப் பத்து இடத்தில் இப்படிப் பார்த்தால் தூசியும் மழைத் தண்ணீரும் எங்கே நுழைகிறது என்று தெரிந்துவிடும். கதவின் இரண்டு ஓரத்திலும் உள்ள ரப்பர்க் குமிழைச் சற்று வெளியே திருகினால், குண்டுகுழியில் பின்னாலிருந்து வரும் “டொக் டொக்” நிற்கும். அளவுக்கு மீறித் திருகினால் கதவு பூட்டாது.

திறக்கிற பொத்தானின் மேல் உள்ள ரப்பர் நம் வெயிலில் இளகி, பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அது பழுது இல்லை, வயசு. ஆனால் விரிசல் விட்டால் தண்ணீர் ஸ்விட்சுக்குள் இறங்கும்.

வயிறு தட்டுவது

மதுரையில் இந்த வண்டி வைத்திருப்பவரிடம் முதலில் கேட்கப்படுகிற கேள்வி “அடி தட்டாதா?” என்பதுதான். தட்டும். எப்போது தட்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

காலி வண்டிக்குத் தரை இடைவெளி 155 மி.மீ. நம் செங்கல் 3 அங்குல உயரம் என்று வைத்தால், இரண்டு செங்கல்லைப் படுக்கையாக அடுக்கினால் 152 மி.மீ. காலி வண்டி அதன் மேல் மயிரிழையில் தாண்டும். ஐந்து பேர் ஏறினால் தாண்டாது. இப்போது வேகத்தடைக்கு வருவோம். சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற முறைப்படியான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. ஆக்டேவியாவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.69 மீட்டர். அதாவது அந்தத் தடையின் உச்சியில் நிற்கும்போது நான்கு சக்கரமும் தடையின் மேலேயே இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுக்குக் கீழே குறைகிற இடைவெளி வெறும் 5.3 செ.மீ. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான் என்றாலும் தட்டவே தட்டாது.

ஆனால் கிராமத்துச் சாலையிலும் தெருமுனையிலும் இருப்பது அந்த மாதிரி இல்லை. ஒரு சட்டி சிமென்ட் கலவையைக் குறுக்கே கொட்டி இழுத்த, முக்கால் அடி அகலத் திண்டு. அது 13 செ.மீ. உயரம் என்றால் முழு 13 செ.மீ.யும் வயிற்றிலிருந்து போகும். சக்கரங்கள் இரண்டு பக்கமும் தரையில் நிற்க, திண்டு நடுவில் முட்டும். உயரத்தைவிட அகலம்தான் முக்கியம் என்பது இதனால்தான். தூரத்தில் இருந்து தடையைப் பார்க்கும்போது “எவ்வளவு உயரம்” என்று பார்க்காதீர்கள், “எவ்வளவு அகலம்” என்று பாருங்கள்.

தாண்டும்போது குறுக்காக ஏற்றுங்கள், ஒவ்வொரு சக்கரமாக. முன் சக்கரம் ஏறுவதற்கு முன்பே பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்தபடியே போனால் மூக்கு அமுங்கி, இருக்கிற இடைவெளியும் போகும். பலர் செய்கிற தவறு இதுவே. தட்டுவது பெரும்பாலும் என்ஜினுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் கவசம். ஒரு திருகு போனாலும் தொங்க ஆரம்பித்து, நாலுவழிச் சாலையில் காற்றில் கிழிந்துவிடும். சர்வீஸ் விடும்போது அதன் திருகுகளை எண்ணச் சொல்லுங்கள். இரும்புத் தகடு அடித்துக்கொள்ளலாமே என்பார்கள். அடிக்கலாம், ஆனால் அந்தத் தகடே ஒரு விரற்கடை இடைவெளியைத் தின்றுவிடும்.

டயர் மாற்றி உயர்த்துகிற வழியையும் பார்த்துவிடலாம். வண்டியோடு வருவது 205/55 ஆர்16. பக்கச்சுவர் 113 மி.மீ. அதே ரிம்மில் 205/60 போட்டால் பக்கச்சுவர் 123 மி.மீ., விட்டம் 632-லிருந்து 652 மி.மீ. ஆகும். வண்டி ஒரு சென்டிமீட்டர் உயரும். மீட்டர் 100 காட்டும்போது, பழைய டயரோடு ஒப்பிட்டால் 103 போய்க்கொண்டிருப்பீர்கள். குண்டுகுழியில் பக்கச்சுவர் முட்டை மாதிரி வீங்குவது குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் சோம்பும். என் கணக்கில் உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் தினம் போகிறவர்களுக்கு இது லாபம், ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்குத் தேவையில்லை. போடுவதானால் முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங் தட்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். மாறாக 225/45 ஆர்17 போட்ட வண்டியைப் பழையதாக வாங்கினால், நான்கு டயரின் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். வீக்கம் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

தெரு, கேட், போர்ட்டிகோ

நீளம் 4.67 மீட்டர், அதாவது 15 அடி 4 அங்குலம். அகலம் 5 அடி 11 அங்குலம், பின்னால் வருவதைப் பார்க்கிற பக்கக் கண்ணாடிகளை விரித்தால் ஆறரை அடியைத் தாண்டும். போர்ட்டிகோ கட்டும்போது 16 அடி போதும் என்பார் மேஸ்திரி. வண்டி நிற்கப் போதும், டிக்கியைத் திறந்து பின்னால் நின்று சாமான் எடுக்கப் போதாது. பின்னால் மூன்று அடி வேண்டும், ஆகவே பதினெட்டரை அடியாவது பாருங்கள். கதவு மேலே எழும்புகிற உயரத்தையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். போர்ட்டிகோவில் ஊஞ்சல் கொக்கியோ தொங்குவிளக்கோ இருந்தால் கண்ணாடியின் விளிம்பு அதில்தான் போய் முட்டும்.

கேட்டுக்கு முன் உள்ள சாய்வு இதைவிட முக்கியம். வண்டியின் மூக்கு நீளம். ஒரு அடி ஏற்றத்தை மூன்று அடிக்குள் முடித்தால் சாய்வு 18 பாகைக்கு மேல், முன் பம்பர் உரசும். அதே ஒரு அடிக்கு ஆறு அடி ஓடினால் ஒன்பதரை பாகை, நிம்மதி. ஆனால் ஆறு அடியைத் தெருவுக்குள் இழுத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் மாநகராட்சியும் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் தரையை உயர்த்துவதற்கு முன்பே, கேட்டுக்கு உள்பக்கமாகச் சாய்வைத் தொடங்குகிற மாதிரி திட்டம் போட வேண்டும். கட்டி முடித்த வீடானால் முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் அடி விளிம்புக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூலின் சாய்வைவிட உங்கள் ரேம்ப் செங்குத்தாக இருந்தால் தட்டும்.

மாசி வீதிகள் வரை வரலாம். அதற்கு உள்ளே ஆவணி மூல வீதிக்குள் கல்யாணச் சாமான் வாங்குகிறேன் என்று இந்த அகலத்தோடு நுழைவது வீண் வம்பு. வடக்கு ஆவணி மூல வீதி வாகன நிறுத்தத்தில் போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள், திரும்பி வந்து டிக்கியைத் திறக்க முடியாது.

கியர்பெட்டியும் கோரிப்பாளையமும்

பழைய ஆக்டேவியா வாங்குகிறவர் மற்ற எதைவிடவும் யோசிக்க வேண்டியது டி.எஸ்.ஜி. என்கிற, இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கிக் கியர்பெட்டியைத்தான். மூன்றாம் தலைமுறையில் 1.8 பெட்ரோலுக்கு டி.க்யூ.200, ஏழு கியர், இரண்டு உலர் கிளட்ச். 2.0 டீசலுக்கு டி.க்யூ.250, ஆறு கியர், எண்ணெயில் முழுகிய கிளட்ச். நான்காம் தலைமுறை 2.0 பெட்ரோலில் ஏழு கியர் இருந்தாலும் அது எண்ணெய் கிளட்ச். ஆக ஏழு கியர் என்றாலே உலர் கிளட்ச் என்று முடிவுகட்ட வேண்டாம்.

உலர் கிளட்ச்சுக்குச் சூட்டைக் கடத்த எண்ணெய் இல்லை, காற்றுதான். மே மாதம், மாலை ஆறு மணி, கோரிப்பாளையம் சந்திப்பு. வண்டி நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது. பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்தால், சாதாரண கியர் வண்டியில் அரைக் கிளட்ச்சில் ஓட்டுவது மாதிரிதான், கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும். பிரேக்கை நன்றாக அழுத்தினால் கம்ப்யூட்டர் கிளட்ச்சைப் பிரித்துவிடும். அதனால் முன் வண்டியோடு ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரு கார் நீளம் இடம் விழும் வரை பிரேக்கை முழுக்கப் பிடித்து நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து, மறுபடி முழுக்க நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நுழையும். நுழையட்டும். கிளட்ச் செட்டின் விலையோடு பார்த்தால் அது மலிவு. மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் கூடவே கூடாது.

டி.க்யூ.250-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். “லைஃப்டைம் ஆயில் சார்” என்று யாராவது சொன்னால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். டி.க்யூ.200-ல் கிளட்ச் தவிர மெகட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பகுதியும் பலவீனமான இடம். ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2013-ல் இந்தக் கியர்பெட்டியில் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றுவதற்காகவே உலக அளவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சூடும் ஈரமும் நிறைந்த நாடுகளில் செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வந்ததுதான் காரணம்.

பழைய வண்டியைச் சோதிக்கிறவர் காலை ஏழு மணிக்குக் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார். கியர்பெட்டி சூடாகாமல் குறையைக் காட்டாது. மாலையில் போங்கள். சிம்மக்கல், யானைக்கல், கோரிப்பாளையம் என்று இருபது நிமிடம் நெரிசலில் ஊர்ந்து, தல்லாகுளத்தில் நத்தம் பாலம் ஏறுங்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் சிக்னல் இல்லாமல் ஓடும். இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஒரு மேட்டில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். நடுக்கம் இருந்தால் அங்கே வரும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறினால் கிளட்ச், கியர் எண் திடீரென்று மினுக்கினால் மெகட்ரானிக் என்று சந்தேகப்படுங்கள். கொடைக்கானலோ சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவோ இறங்கும்போது, குச்சியைக் கைமுறைக்குத் தள்ளி இரண்டிலும் மூன்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். டி-யில் விட்டால் எரிபொருள் மிச்சம் பிடிக்கிறேன் என்று அது மேல் கியருக்குப் போய்க்கொண்டே இருக்கும், பிரேக் சூடேறிவிடும்.

தண்ணீர்

கூலன்ட் பாட்டிலில் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். மதுரை போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் காரையாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீரும் வடிநீர் ஆகாது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும், வண்டிக்கு உரிய ஊதா அல்லது இளஞ்சிவப்புக் கூலன்ட்டும் சரிபாதி. கடையில் கிடைக்கிற பச்சையை அதோடு கலக்காதீர்கள், கலந்தால் பழுப்பாகித் திரியும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். 1.8 பெட்ரோலில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் இருக்கிற பிளாஸ்டிக் கூடு கசியும். கீழே சொட்டாது, ஆவியாகி இளஞ்சிவப்பு உப்புப் பூத்திருக்கும். மாதம் ஒருமுறை அளவு குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் அந்தப் பூவைத் தேடுங்கள்.

அதே போர் தண்ணீரில் வெயிலில் கழுவினால் பின் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. படுத்த கண்ணாடி என்பதால் தண்ணீர் வழியாமல் அங்கேயே காயும். நிழலில் கழுவி உடனே துடையுங்கள். படிந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியால் கண்ணாடியில் மட்டும் தேயுங்கள். உள்பக்கம் தேய்க்கும்போது பனி நீக்கும் கோடுகளின் வாக்கிலேயே போக வேண்டும், குறுக்கே தேய்த்தால் கோடு அறுந்துவிடும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வரி: 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் இப்போது பம்ப்பில் வருகிறது. அதற்காகச் செய்யப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி 11 சொச்சம் கொடுத்தால் இன்ஜெக்டரைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

வயதானவர்கள்

எஸ்.யு.வி.யோடு ஒப்பிட்டால் இந்த வண்டி உண்மையிலேயே தோற்கிற இடம் ஒன்று உண்டு. சீட்டு தாழ்வு. கால் நீட்ட இடம் தாராளம், பின் சீட்டில் ஆறடி ஆள் ஹாயாக உட்காரலாம், ஆனால் மூட்டு வலி உள்ள ஆச்சிக்கு உட்காருவது எளிது, எழுவதுதான் கஷ்டம். இரண்டு அங்குலத்துக்குக் கெட்டியான ஃபோம் வெட்டி உறை தைத்துப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மெத்தென்ற பஞ்சு வேண்டாம், அமுங்கிப் பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஏறும்போது முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். நடுவில் தரை மேடாக இருப்பதால் ஐந்தாவது ஆள் சின்னப் பிள்ளையாக இருந்தால் நல்லது.

ஐரோப்பாவில் விற்கிற ஆக்டேவியாவில் எரிபொருள் மூடிக்கு உள்பக்கம், கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு செருகியிருப்பார்கள். உங்கள் வண்டியிலும் அது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் பிசினும் காக்கை எச்சமும் காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவிட்டு, அந்தத் தகட்டால் நீவினால் கீறல் இல்லாமல் வந்துவிடும். கண்ணாடியில் மட்டும், பெயின்ட்டில் வேண்டாம்.